நாற்பது மாஸ்டரின் வண்டி

“மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்க. இந்த வண்டி உங்களுக்கா?”

மெக்கானிக் கேட்ட கேள்வியில் நாற்பது மாஸ்டருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. எழுந்துபோய் ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மெதுவாப் பேசுய்யா. ஊருக்கே தம்பட்டம் அடிக்காதே.”

ஊரில் இருப்பது ஒரே டிரைவிங் ஸ்கூல். அதில் ஒரே மாஸ்டர் இவர்தான். வேகமுள் நாற்பதைத் தாண்டினால் போதும், பக்கத்து சீட்டில் இருந்தபடியே தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்துவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான். போன வாரம்கூட, ஐம்பதில் போய்விட்டாள் என்று பல் டாக்டரம்மாவை நடுரோட்டில் இறக்கிவிட்டு, ‘எங்கே தீப்பிடிச்சுதுன்னு இந்தப் பறப்பு?’ என்று நாலு பேர் பார்க்கத் திட்டியிருந்தார்.

அதே மனுஷன்தான் இப்போது, ரேஸ் டிராக்கில் ஓட்ட மலிவாக ஒரு கார் வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கே கேவலமாகத்தான் இருந்தது.

“பந்தயமெல்லாம் இல்லய்யா. ஞாயித்துக்கிழமைல பணம் கட்டினா யார் வேணா ஓட்டலாமாம். சும்மா நாலு சுத்து சுத்திட்டு வர்றது.”

“அதுக்கு எதுக்கு மாஸ்டர் திருடன் மாதிரி முழிக்கிறீங்க?”

“யாராவது பார்த்துட்டா? அப்புறம் எவன் என் பேச்சைக் கேட்பான்? ‘நீ மட்டும் பறக்கலாமா’ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டா, ஸ்கூலை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

“இவ்வளவு பயம் இருக்கறவருக்கு எதுக்கு இந்த ஆசை?”

மாஸ்டர் தரையைப் பார்த்தார். “இத்தனை வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக்கை மட்டும்தான்யா மிதிச்சிருக்கேன். ஆக்சிலேட்டரை ஒரு தடவையாவது முழுசா மிதிச்சுப் பார்க்கணும்.”

மெக்கானிக் சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரமாகப் பட்டது மாஸ்டருக்கு.

“அந்த மூலையில நிக்குதே பெரிய சிவப்பு வண்டி, அது ஆகாதா?”

“அது யானை மாஸ்டர். வாங்கிடலாம், தீனி போட முடியாது. டயர் விலையைக் கேட்டாலே தலை சுத்தும். இந்தச் சின்னதைப் பாருங்க. எடை கம்மி. பார்ட்ஸ் எந்தக் கடையிலயும் கிடைக்கும். எங்கயாவது இடிச்சு நசுங்கினாலும் ஒப்பாரி வைக்க வேண்டாம்.”

“எஞ்சினை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கிட்டா...”

“முதல்ல ஒழுங்கா நிக்கட்டும், அப்புறம் ஓடட்டும். இருக்கற காசை பிரேக்குலயும் டயர்லயும் போடுங்க.”

பிரேக் என்றதும் மாஸ்டருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மதிய இடைவேளைகளில் வேலை நடந்தது. பின் சீட்டு போயிற்று. கார்ப்பெட், ஏசி, ரேடியோ எல்லாம் போயிற்று. வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்க, உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வந்தது. தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் வந்தது.

“இன்னும் எடையைக் குறைக்கணும்னா?”

“இனிமே உங்க தொப்பைதான் பாக்கி மாஸ்டர்.”

மனைவியிடம் ஸ்கூல் வண்டி சர்வீஸ் என்று சொல்லி வைத்திருந்தார். அவள் மறுபேச்சில்லாமல் நம்பினாள். அது இன்னும் குத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பெயர் கொடுத்துப் பணம் கட்டுவதை மெக்கானிக்கே முடித்துவிட்டிருந்தான். கேட்டுக்கு முந்தின திருப்பத்திலேயே மாஸ்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து, முறையாக வண்டியை டிராக்குக்குள் எடுத்தார்.

நேர் பாதை வந்ததும் காலை முழுசாக அழுத்தினார். முள் நாற்பதைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது, நூறையும் தாண்டியது. ஹெல்மெட்டுக்குள் தனியாகக் கத்தினார். அடுத்த வளைவிலேயே டாக்டரம்மா நடுரோட்டில் நின்ற கோலம் ஞாபகம் வந்து மனசு சுருங்கிப்போயிற்று.

சில சுற்றுகள் முடித்து வந்து, வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினார். அப்போதுதான் கவனித்தார். நல்ல வெயில். ஆனாலும் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் தலையிலும் ஹெல்மெட். ஒருத்தன் அதற்குள்ளேயே ஸ்ட்ராவை நுழைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நல்ல வழக்கம், நம் மானம் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டார்.

டிராக்கில் கொடி காட்டுபவர் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்தார்.

“இன்னிக்கு இவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சுன்னே புரியல சார். ஒருத்தரும் ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டேங்கறாங்க.”

மாஸ்டர் குரலை மாற்றிக்கொண்டார். “அது இங்க ரூல் இல்லையா?”

“ரூலா? வண்டியை விட்டு இறங்கினா முதல் வேலையா அதைத்தான் கழட்டுவாங்க. இன்னிக்கு யாரோ டிராக்குக்குள்ள போகும்போது இண்டிகேட்டர் போட்டாங்களாம். இங்க எவன் சார் இண்டிகேட்டர் போடுவான்? அதைப் பார்த்ததும், ‘ஐயோ, நம்ம டிரைவிங் மாஸ்டர் வந்துட்டார்’னு மொத்தக் கூட்டமும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கிச்சு. இவங்க இப்படிப் பறக்கறது அவருக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமாம். எந்த வண்டின்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல.”

மாஸ்டர் தன் ஹெல்மெட் பட்டையை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கிக்கொண்டார்.

கொடி காட்டுபவர் பாட்டிலை நீட்டிவிட்டு, அவர் தலையைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார்:

“நீங்களும் அவர்கிட்டத்தான் கத்துக்கிட்டீங்களா சார்?”