வரியோடிய சடை

வடிவின் சடையில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரியோடியிருந்தன. சிறுநீரகத்தில் தோன்றி நுரையீரலுக்கும் பரவிய புற்றுநோய்க்காக அவள் விழுங்கிய மாத்திரைகள் செய்த வேலை அது. மாத்திரை போடும் வாரங்களில் முடி வெள்ளையாக வளரும். உடம்பு தேறட்டும் என்று நிறுத்தும் வாரங்களில் கருப்பாக வளரும். தெருப் பிள்ளைகள் வரிக்குதிரை அத்தை என்பார்கள். அவளும் கனைத்துக் காட்டுவாள்.

போன மாதம் டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். நோய் இனி அதற்குக் கட்டுப்படாதாம். வேறு மாத்திரைக்கு மாறலாம், நரம்பில் மருந்து ஏற்றலாம், எதுவும் வேண்டாமென்றால் வலிக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார்.

இன்று காலை வெயிலில் உட்கார வைத்து செல்லத்துரை மனைவிக்குத் தலைவாரினார். மாத்திரை அவள் உள்ளங்கைத் தோலை உரித்த நாளிலிருந்து இது அவர் வேலை. வகிடு எடுத்தபோது அடியில் விரல் அகலத்துக்குக் கருகருவென்று முடி தெரிந்தது. கல்யாணத்தன்று பார்த்த அதே கருப்பு. மருந்து உடம்பைவிட்டு இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

"ஏங்க, கருப்பா வருதுல்லா?"

"வருது. நாளைக்கே போயி மருந்து ஏத்தச் சொல்லிருவோம், வடிவு."

அவள் கையைத் தூக்கி அந்த முடியைத் தடவிப் பார்த்தாள். விரல்கள் எரியவில்லை.

"நேத்து ரசம் நாக்குல ஒறச்சுதுங்க. எம்புட்டு நாளாச்சு! கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டுமே."

செல்லத்துரை சீப்பை வாயில் கவ்விக்கொண்டு, முடியை மூன்றாகப் பிரித்து, அவளுக்கு வலிக்காதபடி நிதானமாகப் பின்னத் தொடங்கினார்.