சாயங்காலத் திருட்டு

வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். பகல் முழுக்க சோலாரில் நிரம்பியது, இன்றும் பாதியாகியிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரன்தான் ஒயர் போட்டு இழுக்குறான். என்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறான், கவனிச்சியா?"

"நீங்க முறைச்சா பாவம், அவர் என்ன பண்ணுவார்?" என்றாள் மனைவி.

"நாளைக்கு லீவு போடறேன். கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு."

மறுநாள் மாலை பேட்டரிக்கு எதிரே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியது. பேட்டரி குறையவில்லை. ஜன்னல் வழியே பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தபோது அவருடைய மின்வாரிய அலுவலகத்திலிருந்து போன்.

"சார், காத்தே இல்ல, காற்றாலை எல்லாம் நின்னுடுச்சு. ஊர் பூரா கரண்ட் போயிடும்போல இருக்கு. வழக்கம்போல வீட்டு பேட்டரிங்கள்ல இருந்து எடுத்துடட்டுமா?"

"இதைக் கேக்கணுமா? நான் தினம் அழுத்துற பட்டன்தானே, அழுத்துய்யா!"

கண்ணெதிரே பேட்டரி மளமளவென்று குறைந்தது.

"போன மாசம் உங்க ஆபீஸ் திட்டத்துல நம்ம பேட்டரியையும் சேக்கட்டுமான்னு கேட்டேன். டிவியைப் பாத்துக்கிட்டே 'ம்'னீங்க" என்றாள் மனைவி. "பக்கத்து வீட்டுக்காரர் அதுல சேரவே இல்ல. உங்க மேல நம்பிக்கை இல்லையாம்."