மூணே போடு

"ஞாயித்துக்கிழமை ரேஸுக்கு என் காரோட பின் அச்சுல எந்தக் கியர் போடட்டும்? மூணுக்கு ஒண்ணா, நாலுக்கு ஒண்ணா?" என்று வெண்டெல் கேட்டபோது, "மூணே போடுடா" என்றான் லாயிட்.

பாய்ந்து கிளம்ப நாலுதான் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால், ஒஹாயோவின் அந்தக் கால் மைல் பந்தயத்தில் வெண்டெலின் பழைய ஷெவெல் காரைப் பதினோரு வருடமாக அவனால் முந்த முடியவில்லை.

இந்த முறை முந்திவிட்டான். வெண்டெல் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

கோப்பையைப் பார்க்கவே லாயிட்டுக்குக் கூசியது. மூன்றாம் நாள் வெண்டெலின் கேரேஜுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டான்.

வெண்டெல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"கடைக்காரன் தப்பா நாலை அனுப்பிட்டான். மாத்த நேரமில்லாம அதையே மாட்டினேன். நீ நிஜமாவேதான் ஜெயிச்ச, லாயிட்."

கேரேஜ் கதவை இறக்கியபடி சொன்னான்:

"மூணு நாளா உனக்காகச் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்."