குழாயில் எழுதிய பெயர்

சுழற்றும் இயந்திரம் ஓய்கிறது. நர்ஸ் பிலோமினா ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் தெளிவு. கம்பளா பந்தயத்தில் எருமைகளை விரட்டிக்கொண்டு சேற்றில் ஓடும் தூமப்பாவின் காயம்பட்ட குதிகால் தசைநாரில், அவன் ரத்தத்திலிருந்தே பிரித்த அந்தத் தெளிவைத்தான் ஏற்றப்போகிறார்கள். அவன் குப்புறப் படுத்திருக்கிறான். குதிகாலில் ஊசி இறங்கவேண்டிய இடத்தில் பேனாவால் வைத்த ஒரு புள்ளி. “விட்டல ஹெக்டேதானே?” என்று குழாயின் ஒட்டுத்தாளைப் படிக்கிறாள். “அது நானில்ல” என்கிறான். எருமைகளின் சொந்தக்காரர் ஹெக்டே நாற்காலியில் இருந்தபடி சிரிக்கிறார். “சீட்டை நான்தான் எழுதினேன் சிஸ்டர். எல்லாக் களத்துலயும் என் பேர்லதானே ஓடுறான், கை பழகிப்போச்சு. ஊசி போட்டா ஞாயித்துக்கிழமை ஓடுவான்ல?” பிலோமினாவின் முகம் இறுகுகிறது. “ஆறு வாரம் ஓடக் கூடாது. வேற பேரு ஒட்டின ரத்தத்தையும் ஏத்த முடியாது.” குழாய் கழிவுத் தொட்டிக்குள் விழுகிறது. “ஆறு வாரமா! ஒரு வலி மாத்திரையப் போட்டுட்டு...” என்று ஹெக்டே இழுக்கும்போதே தூமப்பா எழுந்து உட்கார்கிறான். கழுத்து நரம்பு புடைக்கிறது. “போன வருஷம் உங்க எருமைக்குக் குளம்பு வெடிச்சப்ப ரெண்டு மாசம் ஃபேனுக்குக் கீழ கட்டிவெச்சீங்களே ஹெக்டேரே, அதுக்கு மாத்திரை குடுத்தா ஓட்டுனீங்க?” ஹெக்டே தன் செருப்பைப் பார்க்கிறார். தூமப்பா மறு கையை நீட்டுகிறான். “திரும்ப எடுங்க சிஸ்டர்.” புது ஒட்டுத்தாளைப் பிடுங்கித் தொடைமேல் வைத்து, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதுகிறான், தூமப்பா பூஜாரி என்று. “நான் ஓடி ஜெயிச்ச கப்பெல்லாம் உங்க வீட்டுலயே இருக்கட்டும். ரத்தமாவது என் பேர்ல இருக்கட்டும்.”