சீட்டில் ஏறிய பேர்

"நோயாளி பேரு சொல்லுங்க" என்று நர்ஸ் அமலி மூன்றாம் தடவையாகக் கேட்டாள்.

கனகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பக்கத்துப் பெஞ்சில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த வேங்கடசாமிக்கு வலியைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் குடல்வால் ஆபரேஷன். புருஷன் பேரைச் சொல்ல எந்தப் பெண்டாட்டிதான் தயங்கமாட்டாள்? ஆனால், கனகமா!

கல்யாணமாகி வந்த முதல் வாரமே, வாசலில் யாரோ விசாரித்ததற்கு, "வேங்கடசாமி பவுண்டரிக்குப் போயிருக்காருங்க" என்று பளிச்சென்று சொன்னவள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். பீளமேடே சிரித்தது. "என்னப்பா, உன்ற பொண்டாட்டி உன்னைய ஏலம் போடறாளா?" என்று கூட இரும்பு வார்க்கும் வேலை பார்த்த பங்காரு கேலி செய்தான். படித்த பெண், அப்படித்தான் இருப்பாள் என்று வேங்கடசாமி பெருமையாகச் சமாளித்தார்.

அந்தப் பெருமை நயா பைசா வந்த வருஷத்து மார்கழி வரைக்கும்தான்.

பெருமாள் கோயில் பஜனையில் கனகம் முன்னால் உட்கார்ந்து கணீரென்று பாடுவாள். 'பாலகோபாலா' என்கிற இடம் வந்தால் மட்டும் அவள் வாய் மூடிக்கொள்ளும். ஒரு நாளா, இரண்டு நாளா, மாதம் முழுக்க. கடைசியில் வேங்கடசாமி அவள் அக்காளிடம் நைசாக விசாரித்தார்.

பாலகோபால் அவளுடைய தாய்மாமன் மகனாம். தொட்டிலிலேயே பேசி முடித்த மாப்பிள்ளை. அவன் பேரைச் சொல்லக் கூடாது என்று பாவாடை கட்டிய வயதிலேயே சொல்லி வளர்த்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்கும்போது டைபாய்டில் போய்விட்டான்.

செத்துப்போனவனோடு யார் மல்லுக்கட்டுவது? வேங்கடசாமி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், அவளும் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அவள் கண்ணை மூடமாட்டாள். ஆனாலும் பதினொரு வருஷமாக, அவள் வாயில் தன் பேர் வரும்போதெல்லாம் அவருக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்கம்மா, பேரு இல்லாம சீட்டு எப்படிங்க எழுதறது?" என்றாள் அமலி.

கனகம் திரும்பி அவரைப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர். பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பார்களே, அந்தப் பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"ஏழு மலை மேல நிக்கறாரில்லீங்க, அந்தச் சாமி பேருதானுங்க" என்றாள்.

அமலிக்கு அவசரம். 'ஏழுமலை' என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திருத்தச் சொல்ல ஒரு நொடி போதும். வேங்கடசாமி வாயைத் திறக்கவில்லை. அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "இங்க ஏழுமலை யாருங்க?"

"நானுங்க" என்று அவர் கையைத் தூக்கினார்.