பக்கத்துக் கட்டில்

"யாத்தே! கொல்லுறாகளே!"

பச்சைத் திரைக்கு அந்தப்புறமிருந்து கிளம்பிய அலறலில், டெல்லி துவாரகாவில் இருந்த அந்த பிசியோதெரபி சென்டரே ஒரு தடவை குலுங்கி நின்றது.

விஜயலக்ஷ்மி முகத்தைச் சுளித்தாள். நேற்று பதினான்கு அலறல். இன்று இதோடு பதினேழு.

"அவங்களை விடுங்க ஆன்ட்டி. நீங்க மூச்சைப் பிடிக்காதீங்க," என்றாள் அனன்யா, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிசியோதெரபிஸ்ட். "மூச்சைப் பிடிச்சா தொடை டைட் ஆயிடும், முட்டி மடங்காது. வலிச்சா கத்துங்களேன்!"

கத்துவதா? ஹாலில் ஆறு கட்டில். அதில் மூன்றில் ஆண்கள். முப்பத்திரண்டு வருஷம் மத்திய சர்க்கார் ஆபீசில் குரலை உயர்த்தாமல் வேலை பார்த்தவள் அவள். இரண்டு பிரசவத்துக்கும் வாயைத் திறக்காதவள்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். முட்டி துருப்பிடித்த கேட் மாதிரி அப்படியே நின்றது.

அனன்யா அளந்து பார்த்தாள். "அறுபத்தி நாலு டிகிரி. நேத்தும் இதேதான்."

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து, வலுக்கட்டாயமாக மடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் தடவை மயக்கத்திலேயே அவளுக்கு ரத்த அழுத்தம் தடதடவென்று இறங்கி, கணவர் சேஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அழுதிருந்தார்.

திரையை விலக்கினார்கள். பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள் தாயம்மாள். விருதுநகர்ப் பக்கம். மகனுக்கு ஏர்போர்ட்டில் வேலை.

"எம்புட்டு மடங்குச்சும்மா?"

"அறுபத்தி நாலு."

"வந்துரும், வந்துரும். இந்தாங்க, ரெண்டு சுளை தின்னுங்க."

"வேண்டாம்." விஜயலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள். "ஏன்னா, வெட்கம் கிலோ என்ன விலைன்னு கேப்பா போலிருக்கு அந்தப் பக்கத்துக் கட்டில்காரி!"

"வலிக்கறது, கத்தறா," என்றார் சேஷன்.

"எனக்கும்தான் வலிக்கறது. நான் ஊரைக் கூட்டறேனா?"

"கூட்டியிருந்தா மடங்கியிருக்குமோ என்னமோ."



மறுநாள். "ஏக்... தோ... தீன்!" என்று இந்தியில் மூன்று வரை எண்ணி அனன்யா முட்டியை அழுத்தினாள். சரியாக அதே நொடியில் திரைக்குப் பின்னாலிருந்து, "செத்தேன்!" என்று கூரை பிய்ந்தது. அந்த இரைச்சலில் விஜயலக்ஷ்மியின் வாயிலிருந்தும் ஒரு "அம்மா!" நழுவிவிட்டது.

பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை. யானை பிளிறும் இடத்தில் பூனைக்குட்டியின் குரல் யார் காதில் விழும்?

"அறுபத்தி ஒன்பது!" என்றாள் அனன்யா.

அதற்கப்புறம் அந்த அலறலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். தாயம்மாள் ஏமாற்றவே இல்லை. 'தீன்' என்றால் போதும். இரண்டு பேர் முட்டியையும் ஒரே நேரத்தில் மடக்குவார்கள் போலிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு இவளும் கத்தினாள். எழுபத்தி மூன்று. எழுபத்தி எட்டு. எண்பத்தி நாலு. செவ்வாய்க்கிழமை எது யார் குரல் என்று வெளியில் காத்திருந்த சேஷனுக்கே பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை, தொண்ணூற்றி இரண்டு.

விஜயலக்ஷ்மி தன் காலையே வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். மரக்கட்டையாகக் கிடந்த கால் இதுதானா!

சேஷன் காரை எடுத்துவரப் போனார். அனன்யா கையைப் பிடித்து அவளை வாசல்வரை நடத்தி வந்தாள். அப்போது அவர்களைத் தாண்டிக்கொண்டு, கைத்தடி இல்லாமல், ஒன்பது படிகளையும் மளமளவென்று இறங்கினாள் தாயம்மாள். "பையா, ருக்கோ!" என்று டிரைவரை நிறுத்தச் சொல்லி ஓடிப்போய், நகர ஆரம்பித்த இ-ரிக்‌ஷாவில் தொற்றி ஏறிக்கொண்டாள்.

விஜயலக்ஷ்மிக்கு ரத்தம் கொதித்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தானே உயிர் போகிற மாதிரி கத்தினாள்?

"பார்த்தியா அனன்யா! கால் நன்னாத்தான் இருக்கு. அத்தனையும் வேஷம்! ஆத்துல வேலை செய்யாம இருக்க நாட்டுப்பொண்ணை ஏமாத்தறா!"

"நூத்திப் பதினெட்டு," என்றாள் அனன்யா.

"என்னது?"

"அவங்க முட்டி மடங்கற டிகிரி. ட்ரீட்மென்ட் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு ஆன்ட்டி. அந்தத் திரைக்குள்ள அவங்க காலை யாரும் தொடறதே இல்ல."

"பின்னே எதுக்குக் கத்தறா?"

"கத்த வெட்கப்படற பேஷன்ட் வந்தா நான் போன் பண்ணுவேன். பஸ் பிடிச்சு வந்துடுவாங்க. பக்கத்துக் கட்டில்ல உட்கார்ந்து, நான் 'தீன்' சொன்னதும் ஆரம்பிப்பாங்க. நீங்க ஆறாவது ஆள்."

இ-ரிக்‌ஷா போய்விட்டிருந்தது. விஜயலக்ஷ்மி அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ... அவா தன் முட்டிக்கு வந்தப்பவும் இப்படித்தான் கத்தினாளா?"

அனன்யா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஒரு சத்தம்கூடப் போடல ஆன்ட்டி. அதனாலதான் அவங்களை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோக வேண்டியதாச்சு."