சதை கரைக்கும் களிம்பு

முதலில் கெடுதல் செய்தவன் சூசைராஜ்தான். என் பங்காளி. திருவிழாவில் தூக்கும் மாதா சப்பரத்தின் முன்தண்டு என் தோளுக்கு உரியது. என் ஆத்தா இறந்த துக்கத்தில் நான் ஒதுங்கி நின்ற வருஷம் அங்கே புகுந்தவன், அப்புறம் விலகவே இல்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

ஊருக்குக் கரண்டு வந்த வருஷம், மண்வெட்டி என் காலைப் பதம் பார்த்துவிட்டது. சுண்ணாம்பும் புகையிலையும் வைத்துக் கட்டினேன். புண் கறுத்து நாறியது.

கோயில் ஆஸ்பத்திரி சிஸ்டர் முகம் சுளிக்காமல் பார்த்தார்.

“செத்த சதை மூடிக்கிட்டு இருக்கு, பெரியவரே. அது போனாத்தான் புண் ஆறும். இல்லைன்னா திருச்சிக்குப் போயி காலை எடுக்கணும்.”

காலை எடுத்துவிட்டு நான் எப்படி உழுவது?

சிஸ்டர் ஒரு சின்ன ட்யூபை எடுத்தார்.

“இந்தக் களிம்பு செத்த சதையைக் கரைச்சிரும்.”

“நல்ல சதையை?”

“விட்டுரும். ஆனா புண்ணுக்குள்ள மட்டும்தான் போடணும். சுத்தித் தோல்ல பட்டா எரியும்.”

செத்தது எது, உயிரோடு இருப்பது எது என்று ஒரு களிம்புக்கு எப்படித் தெரியும்? எனக்கு அதே யோசனை.

“எதுல செஞ்சது சிஸ்டர்?”

“பப்பாளிப் பாலுல இருந்து எடுக்கிறாங்க. ஆட்டுக்கறி வேக உங்க வீட்டுல பப்பாளிக்காய் போடுறதில்லையா?”

“ஆத்தாடி! என் காலைக் குழம்பு வைக்கிறீங்களா?”

சிஸ்டர் சிரித்துவிட்டார்.

“எங்க கொல்லையிலயே மரம் நிக்குது. நானே காயைக் கீறிப் பாலை விட்டுக்கிடவா?”

“ஐயோ, நல்ல தோலும் வெந்துபோகும்! டிஞ்சரும் போட்டுறாதீங்க. மருந்து வேலை செய்யாது.”

காய்ச்சி ஆறிய உப்புத்தண்ணீரில் கழுவி, களிம்பு போட்டுக் கட்டுவார். மறுநாள் அவிழ்த்தால் கரைந்தது மஞ்சளாக வழியும். அடியில் சிவப்பு தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பேன்.

பார்க்க இன்னொருவனும் வந்தான். சூசைராஜ். கட்டு அவிழ்க்கிற நேரமாகப் பார்த்து வாசலில் நிற்பான்.

“கறுப்பு போயிருச்சா சிஸ்டர்?”

“பாதி போயிருச்சு.”

“அவனை அங்கிட்டு விரட்டுங்க சிஸ்டர். என் கால் போயிட்டா முன்தண்டு என்னைக்கும் அவனுக்கே. அதான் பார்த்துட்டுப் போக வாரான்.”

சிஸ்டர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, ட்யூபை மூடினார். அவன் போய்விட்டான்.

ஒரு நாள் அடியில் செக்கச்செவேல் என்று புதுச்சதை தெரிந்தது.

“இனிமே களிம்பு வேண்டாம். வெறும் கட்டே போதும்.”

“ட்யூபுல மிச்சம் இருந்தா குடுங்க. வீட்டுல வச்சுக்கிறேன்.”

“கொஞ்சம் இருக்கு. ஆனா அது என்னுது இல்லை. சூசைராஜுக்குக் கால்ல ஆறாத புண். அவர் மகன் பினாங்குல இருந்து அனுப்புன மருந்து. ‘சவரிநாதனுக்குத்தான் கறுத்துப்போச்சு, முதல்ல அவனுக்குப் போடுங்க’ன்னு குடுத்துட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.”

வெளியே வந்தேன். வாசலில் சூசைராஜ் வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு நின்றான். அதையும் மீறிக் கணுக்காலில் துணிக்கட்டு தெரிந்தது.

“ஏன்டா குடுத்த?”

“கால் எப்படி இருக்கு?” என்றான்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா!”

நொண்டிக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனான். அந்தப் பதிலை இன்னும் அவன் எனக்குத் தரவேண்டியிருக்கிறது.